குறுக்கே வந்த கிரேன்

மூன்று வாரமாக ரமாபாய் தன் கம்பெனியில் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறாள். அது இன்னும் ஒரு நாள் தாங்குமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் வேலை பார்ப்பது அப்துல் வஹாப் பாயின் இரும்புக் கம்பெனியில். ராயபுரத்தில் தலைமை அலுவலகம், சாத்தாங்காட்டில் யார்டு, எண்ணூரில் கிடங்கு. மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் ஒன்றில் ஏற்றியது மற்றொன்றுக்குத் தெரியாது. ராயபுரத்தில் விற்ற அதே தகடுகளை யார்டிலும் விற்றுவிட்டார்கள். இரண்டு லாரிகளும் ஒரே குவியலுக்கு முன்னால் வந்து நின்று, டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டது பொங்கலுக்கு முந்தின வாரம். பதினைந்து வருட வாடிக்கையாளர் ஒருவர் அன்றோடு இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

"மூணு கடையையும் ஒண்ணா கோத்துடும்மா" என்று பாய் சொன்னார். கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ரமாபாயின் தலையில் பொறுப்பு ஏறியது.

போட்டிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஜார்ஜ். டெலிபோன் இலாகாவிடம் தனி கேபிளை வாடகைக்கு எடுத்து, பூமிக்கு அடியில் கிளைகளை இணைக்கிற லீஸ்டு லைன் அவருடைய திட்டம். இன்னொன்று பெரம்பூரில் இருக்கும் வயர்லெஸ் கம்பெனி. உயரமான கம்பங்களில் ஆன்டெனா வைத்துக் காற்றிலேயே இணைப்பது அவர்கள் வழி. அந்தக் கம்பெனியிலிருந்து வந்த என்ஜினீயரின் பெயர் பகலவன்.

பகலவன், ரமாபாயின் கணவன்.

வஹாப் பாய்க்கு அது தெரியாது. பெரம்பூர் கம்பெனி அவனை அனுப்பும் என்று ரமாபாயும் எதிர்பார்க்கவில்லை. முதல் கூட்டத்தில் அவன் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றபோது, "வணக்கம் மேடம்" என்றான். அவளும் "உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு நொடியில் சொல்லாமல் விட்டதுதான் வளர்ந்து வளர்ந்து, 2002 பிப்ரவரியின் இந்தத் திங்கட்கிழமையில் வந்து நிற்கிறது.

இன்று பரீட்சை. இரண்டு பேரும் தங்கள் ரவுட்டர் பெட்டியைச் சாத்தாங்காடு யார்டில் வைத்து, நாள் முழுக்க நிஜ வியாபாரத்தை ஓட்டிக் காட்ட வேண்டும்.

காலடிப்பேட்டை வீட்டில் காலை ஆறு மணிக்கே பரபரப்பு. பகலவனின் அம்மா குப்பம்மா மணலியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறவள். பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் மருமகளை விடவில்லை.

"இன்னாடி, இன்னிக்கு எம்புள்ள ஜெயிச்சிடுவானா?"

"எங்கிட்ட இன்னா அத்தை கீது? யாரு லைன் நிக்குதோ அவங்களுக்கு."

"கையெழுத்துப் போடப் போறவ நீ. உன் கையி எங்க போவுதோ லைனும் அங்கதான் போவும். மார்ச்சுக்குள்ள ஒரு ஆர்டரு புடிக்கலைன்னா அவன் வேலையைக் கெட்டியாக்க மாட்டேன்னு அந்த மேனேஜரு சொல்லிகினு கீறாரில்ல, என்னமோ பேரு..."

"ஸ்டானிஸ்லாஸ்" என்றான் பகலவன், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி. "எம்மா, நீ கெளம்பு. எனக்கு யாரு கையெழுத்தும் வாணாம். சிக்னல் எப்டி கீது தெரியுமா! எண்ணூர்ல தாமோதரன் அண்ணன் கெடங்கு ஓட்டு மேல காக்கா குந்தினா கூட சாத்தாங்காட்லேர்ந்து சொல்லிடுவேன்."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வெள்ளிக்கிழமை முழுக்க வெயிலில் நின்று, யார்டிலேயே இரும்புக் குழாய் வாங்கிக் கம்பம் நட்டு, ஆன்டெனாவை அங்குலம் அங்குலமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தவன்.

ரமாபாய் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே வாயைத் திறந்தாள். மூடினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் யார்டிலிருந்து கிளம்பும்போது, பக்கத்து யார்டில் ஒரு புது கிரேன் வந்து இறங்கியிருந்தது. ரப்பர் சக்கரத்தில் நகரும் பெரிய கிரேன். அதன் கை மேலே உயர்ந்து நின்ற இடத்தைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். பகலவனின் கம்பத்திலிருந்து எண்ணூர் பக்கம் பார்த்தால் நேர் குறுக்கே.

போட்டியின் விதிகளை எழுதியவள் அவளேதான். இடத்தைப் பற்றி ஒருவருக்குச் சொல்வதை மற்றவருக்கும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆனால் பூமிக்கு அடியில் கேபிள் போடுகிற ஜார்ஜுக்கு கிரேனைப் பற்றி என்ன கவலை? சொன்னால் லாபம் பகலவனுக்கு மட்டும்தான். நாளைக்கு உண்மை வெளியே வந்தால், புருஷனுக்கு வழி காட்டினாள் என்பார்கள். சொல்லாவிட்டாலோ, அவன் விழப்போகிற பள்ளம் தெரிந்தும் சும்மா இருந்தவள் ஆவாள்.

ஞாயிறு முழுவதும் அதையே மென்றுகொண்டிருந்தாள். சொல்லவில்லை.

"இன்னா ரமா, ஒரு மாரி கீற?" என்றான் பகலவன், பைக் சாவியை எடுத்துக்கொண்டு.

"ஒண்ணியுமில்ல. பாத்துப் போ."

அவன் முதலில் கிளம்பினான். அரைமணி நேரம் கழித்து அவள் ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

சாத்தாங்காடு யார்டின் எடைமேடை அறையில் மேஜை போட்டு இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ரவுட்டர் என்பது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, ஒரு பழைய டேப்ரிக்கார்டர் அளவு. எந்தச் செய்தி எந்த வழியாக எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். ஜார்ஜின் பெட்டி சாம்பல் நிறம். பகலவனுடையது கறுப்பு. வெளியே தகடுகள் தரையில் விழும் ஓசையில் இரண்டின் பச்சை விளக்குகளும் நடுங்கின.

வஹாப் பாய் வெள்ளை ஜிப்பாவில் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆரம்பிங்கப்பா. எனக்கு மெஷினு பாஷை தெரியாது. இங்க ஏத்தினா அங்க தெரியணும். அவ்ளோதான்."

பத்து மணிக்கு முதல் லாரி எடைமேடையில் ஏறியது. ரமாபாய் கணக்கை ஜார்ஜின் பெட்டி வழியாக அனுப்பினாள். ராயபுரத்தில் பாயின் மகள் ரஹீமுன்னிசா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வந்துடுச்சு வாப்பா! நீங்க லாரி நம்பர் சொல்றதுக்கு முன்னாடியே இங்க தெரியுது!"

பாய் மேஜையைத் தட்டினார். "எண்ணூரு?"

ஜார்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்ணூர் கிடங்கு வரைக்கும் போற கேபிள்ல காலி ஜோடி இல்லைங்கிறாங்க சார். புதுசா கேபிள் இழுத்தாதான் உண்டு. ஆறு மாசம் ஆகலாம்."

"ஆறு மாசமா? நம்ம சரக்குல பாதி அங்கதானே கீது!"

இப்போது பகலவன் முறை. அவன் கறுப்புப் பெட்டிக்கு இணைப்பை மாற்றினான். ரமாபாய் அடுத்த லாரியை ஏற்றினாள். ராயபுரம் கிடைத்தது. ஒரே மூச்சில் எண்ணூரும் கிடைத்தது. கிடங்குப் பொறுப்பாளர் தாமோதரன் எண்ணூர் குப்பத்துக்காரர், படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகிய குரல். போனே இல்லாமல் கேட்கும்.

"வந்துட்ச்சி நைனா வந்துட்ச்சி! மொத்த லிஸ்டும் வந்துட்ச்சி! டிவி மாரி கீது!"

அறையே சிரித்தது. பாய் எழுந்து நின்றே விட்டார். பகலவன் ரமாபாயைப் பார்த்தான்; பார்க்கக் கூடாது என்று நினைவு வந்து பார்வையை மாற்றினான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கிரேன் இன்னும் கிளம்பவில்லை. ஒருவேளை இன்று கிளம்பாமலே போய்விட்டால்?

பதினொன்றே கால். பக்கத்து யார்டிலிருந்து டீசல் என்ஜின் உறுமியது.

"அலோ! அலோ! சாத்தாங்காடு!" தாமோதரனின் குரல். "இன்னாபா ஆச்சி? அப்டியே நின்னுட்ச்சி!"

பகலவன் பெட்டியைப் பார்த்தான். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. மறுபடி அணைந்தது. கேபிளை அசைத்தான். பெட்டியை நிறுத்திப் போட்டான். இணைப்பு வந்தது. ஒரு நிமிஷம் கழித்துப் போனது.

அவன் வெளியே ஓடினான். கம்பத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தான். ஆன்டெனாவுக்கும் வானத்துக்கும் நடுவில் மஞ்சள் நிறக் கை ஒன்று, இரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அது விலகியபோது இணைப்பு வந்தது. குறுக்கே வந்தபோது போனது.

"வெள்ளிக்கெழம இது இல்லியே!" என்று அவன் யாரிடமோ சொன்னான். "இல்லவே இல்லியே!"

வாசலில் நின்ற ரமாபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு மணிக்கெல்லாம் பாயின் பொறுமை தீர்ந்துவிட்டது.

"ஒருத்தரு எண்ணூருக்குப் போவ மாட்டேங்கிறாரு. இன்னொருத்தரு கிரேனைப் பாத்தா கண்ணை மூடிக்கிறாரு. பேஜாரும்மா இது. போட்டதெல்லாம் கழட்டச் சொல்லு. பழையபடி ஃபேக்ஸே அனுப்பிக்கலாம்."

"பாய், ஒரு நிமிஷம்" என்றாள் ரமாபாய்.

அவள் இந்த இரண்டு பெட்டிகளின் கையேடுகளையும் அட்டையிலிருந்து அட்டைவரை படித்தவள். புளியந்தோப்பு குடியிருப்பில் ஒரே விளக்கடியில் நான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து டிப்ளமோ படித்தவளுக்குப் படிப்பது ஒன்றும் பாரமில்லை. காலையிலிருந்து அவள் மனசுக்குள் ஒரு படம் உருவாகிக்கொண்டே இருந்தது. இப்போது அது முழுசாகத் தெரிந்தது. கை பரபரத்தது. சாக்பீஸை எடுத்து அறையின் இரும்புக் கதவிலேயே மூன்று வட்டம் போட்டாள்.

"ராயபுரத்துக்குக் கேபிள் நல்லா கீது. எண்ணூருக்குக் கேபிளே கெடையாது, காத்துல மட்டும்தான் போவ முடியும். அப்ப ஒருத்தரையே எதுக்குப் புடிச்சிக்கணும்? ராயபுரத்துக்கு ஜார்ஜ் சாரோட கேபிள். எண்ணூருக்கு வயர்லெஸ். அதுக்குக் கம்பத்தைக் கிரேனுக்கு மறையாத எடத்துக்கு மாத்தணும்."

"கம்பத்தை மாத்தினா நான் ஒருத்தனே மூணையும் ஓட்டிடுவேனே" என்றான் பகலவன் சட்டென்று.

"அது சக்கரத்துல போற கிரேனுங்க. நாளைக்கு அந்தாண்ட பக்கம் வந்து நின்னா உங்க ராயபுரம் பூடும். ஜார்ஜ் சார், உங்க கேபிள் போற ரோட்டுல மாசத்துக்கு ரெண்டு வாட்டி யாராச்சும் பள்ளம் தோண்றாங்க. அதுவும் ஒரு நாள் பூடும். ராயபுரத்துக்கு ரெண்டு வழியும் வேணும். கேபிள் ஓடட்டும். அது செத்தா, தானா வயர்லெஸுக்கு மாறணும். யாரும் வந்து கம்பியை மாத்திச் செருகக் கூடாது."

பாயின் கண் கதவிலிருந்த வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தது. "அப்டி மாத்தத் தெரிஞ்ச பொட்டி கீதா?"

"ரெண்டுல ஒண்ணுக்குத் தெரியும்."

"எது?"

இதைச் சொல்வதற்கு முன் அதைச் சொல்லியாக வேண்டும். சாக்பீஸை மேஜையில் வைத்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் பாய். மூணு வாரம் முன்னாடியே சொல்லியிருக்கணும். பகலவன் என் வூட்டுக்காரரு."

வெளியே தகடு ஒன்று தடாலென்று விழுந்தது. ஜார்ஜின் புருவம் உயர்ந்தது. பகலவன் அசையாமல் நின்றான்.

"இன்னொண்ணும் கீது. அந்தக் கிரேன் வந்ததை சனிக்கெழமையே பாத்தேன். ரெண்டு பேருக்கும் சொல்லியிருக்கணும். அவருக்கு ஒதவின மாரி ஆயிடுமோன்னு பயந்து யாருக்கும் சொல்லல."

"சனிக்கெழமையேவா?" என்றான் பகலவன். "காலைல நான் அவ்ளோ பேசிகினு இருந்தேனே ரமா... அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டே அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி" என்றார் கடைசியில். "அதை அப்பறம் பேசிக்கலாம். இப்ப கேட்டதுக்குப் பதில் சொல்லு. எந்தப் பொட்டி?"

"ஜார்ஜ் சாரோடது. அதுல கம்பி செருக ரெண்டு வாசல் கீது, தானா மாறும். இவரோடதுல ஒண்ணுதான்."

பகலவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவன் கிளம்பியே போய்விட்டான் என்றுதான் ரமாபாய் நினைத்தாள். ஜன்னல் வழியே பார்த்தபோது, அவன் கம்பத்தின் அடியில் உட்கார்ந்து போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்தில் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு எடைமேடை அறையின் மொட்டைமாடிக்கு ஏறினான். ஜார்ஜ் சட்டையின் கையை மடித்துக்கொண்டு பின்னாலேயே போய் அடியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு, இரண்டரை மணி நேரம் யாரும் சாப்பிடவில்லை. மேலே பகலவன் ஆன்டெனாவைத் திருப்ப, எண்ணூரில் தாமோதரன் தன் பக்கத்து ஆன்டெனாவைத் திருப்ப, போனில் ஒரே கூச்சல்.

"கடல் பக்கம் அண்ணே, கடல் பக்கம்! ரொம்ப இல்ல, ஒரு விரக்கடை!"

"கடலு எந்தப் பக்கம்னு எனக்கா சொல்லித் தர?"

கீழே ஜார்ஜ் தன் சாம்பல் பெட்டியின் இரண்டாவது வாசலில் பகலவனின் வயர்லெஸ் கம்பியைச் செருகி, கீபோர்டில் தட்டிக்கொண்டே இருந்தார். முதலில் இரண்டு கருவிகளும் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஜார்ஜ் மேலே பார்த்துக் கத்தினார். பகலவன் கீழே எட்டிப் பார்த்து எண்களைச் சொன்னான். ரமாபாய் எழுதிக் கொடுத்தாள். காலையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது ஒரே திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

காற்றில் ராயபுரம் ஏற்கெனவே வந்திருந்தது; மூன்றே முக்காலுக்கு எண்ணூரும் வந்தது. கிரேன் உறுமிக்கொண்டே திரும்பியது. எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். இணைப்பு அசையவில்லை.

"ஷோக்கா கீதுபா!" என்று தாமோதரன் எண்ணூரிலிருந்து கத்தினார்.

"கேபிளைப் புடுங்கிப் பாத்துடலாமா?" என்றார் ஜார்ஜ். "தானா மாறுதான்னு?"

"அஞ்சு மணிக்குப் பாக்கலாம்" என்றாள் ரமாபாய். "இப்ப வியாபாரம் போய்க்கினு கீது."

நான்கு இருபது. யார்டில் ஒரு பார்ட்டி பதினாறு எம்.எம். தகடு இருபது வாங்கினார். சரக்கு ஏற்றிய லாரி எடைமேடையில் நின்றது. அதே நேரத்தில் ராயபுரம் கவுன்ட்டரில் இன்னொருவர் அதே பதினாறு எம்.எம். கேட்டு உட்கார்ந்திருப்பதாக ரஹீமுன்னிசா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "யார்டுல இருபது காட்டுது வாப்பா. பில் போட்டுடட்டுமா?"

"இரு, இரு!" என்றார் பாய். அதற்குள் போன் கொரகொரவென்று இரைந்து செத்துப்போனது.

ரமாபாய் 'விற்றது' என்று ஏற்றி என்டரைத் தட்டினாள்.

திரை நின்றது.

"லீஸ்டு லைன் விளக்கு அணைஞ்சிடுச்சு!" ஜார்ஜ் எழுந்தார். "யாரு கேபிளைத் தொட்டது?"

"யாரும் தொடலியே சார்!"

ஜார்ஜ் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். செருகியது செருகியபடியே இருந்தது. சாலையில் எங்கேயோ, நிஜமாகவே, அறுந்துவிட்டது.

பாயின் முகம் வெளுத்தது. "அங்க பில்லு போட்டுடுவாளே! மறுபடியும் அதே கூத்தா? மறுபடியும் ஒரே தகட்டுக்கு ரெண்டு லாரியா?"

ரமாபாய் பெட்டியையே பார்த்தாள். ஐந்து நொடி. பத்து நொடி. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பகலவன் பாதிப் படியிலிருந்து குனிந்து கேட்டான், "மாறிச்சா?"

"இன்னும் இல்ல."

பதினைந்து. எடைமேடையிலிருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

இருபது.

இரண்டாவது வாசலின் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. அப்புறம் பைத்தியம் பிடித்தது மாதிரி அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. திரையில் நின்றிருந்த வரி சட்டென்று கீழே இறங்கியது: ஏற்றப்பட்டது.

"மாறிட்ச்சி!" ரமாபாய் எழுந்தே கத்தினாள். "காத்துல போயிட்ச்சி! ராயபுரம் போயிட்ச்சி!"

பாய் ஜிப்பா பையிலிருந்து செல்போனை எடுத்து மகளுக்குப் போட்டார்.

"வாப்பா!" ரஹீமுன்னிசாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "பில்லுல நம்பர் அடிச்சிக்கிட்டே இருந்தேன். இருபதுன்னு இருந்தது திடீர்னு பூஜ்யம் ஆயிடுச்சு. பார்ட்டி எதிர்லயே உக்காந்திருக்காரு. என்ன பண்ணட்டும்?"

"பில்லைக் கிழிச்சுப் போடு! எண்ணூர்ல பாரு, எவ்ளோ கீது?"

"இருபத்தாறு வாப்பா!"

"அதுலேர்ந்து குடு! எண்ணூர்லேர்ந்து ஏத்திக்கச் சொல்லு!"

அரை நிமிஷத்தில் அதே செல்லில் எண்ணூரிலிருந்து தாமோதரன். "பாய், எனக்கு இப்பதான் ஒரு ஆர்டரு வந்துகீது, பதினாறு எம்.எம். இருபது. நெசந்தானா? ஏத்தட்டுமா?"

"ஏத்து நைனா, ஏத்து!"

அதற்கு மேல் அந்த அறையில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஜார்ஜ் பகலவனின் முதுகில் அறைந்தார். கிரீஸ் படிந்த கையோடு பகலவன் அவர் வெள்ளைச் சட்டையைப் பிடித்துக் குலுக்கினான். பாய் தானே டீக்கடைக்கு ஆள் அனுப்பினார். வெளியே இருந்த லாரி டிரைவர் இறங்கி வந்து, "இன்னாபா, இந்தியா ஜெயிச்சிட்ச்சா?" என்று கேட்டார்.

ரமாபாய் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

டீ குடித்து முடித்ததும் பாய் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ மறைச்சது தப்பு. கிரேனை மறைச்சது அதைவிடத் தப்பு."

"ஆமாம் பாய்."

"ரெண்டு பேருகிட்டயும் பாதிப் பாதி வாங்கிக்கலாம். வேலையை நீதான் நடத்தணும், உன்னை வுட்டா எனக்கு ஆளில்ல. ஆனா ஆர்டர்ல கையெழுத்து நீ போடக் கூடாது. ரஹீமுன்னிசா ஒவ்வொண்ணையும் பாத்துப் போடுவா. சரியா?"

"அதான் பாய் சரி." பல நாள் கழித்து அவளுக்கு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

வாசலில் பகலவன் பைக்கோடு நின்றான். அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி யார்டைத் தாண்டியது.

"மேல நின்னுகினு உன்னைத் திட்டிகினேதான் ஒவ்வொரு போல்ட்டும் முடுக்கினேன்" என்றான் திடீரென்று.

"தெரியும்."

"என் பொட்டிய வேணாம்னு சொன்னதுல கோவமில்ல. அதுல ஒரே வாசல்தான், எனக்கே தெரியும். கிரேனை எங்கிட்ட சொல்லாததுதான்..."

"ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். யாரு இன்னா சொல்லுவாங்கன்னு பயந்து உன்னைத் தனியா மாட்டி வுட்டுட்டேன். தப்புதான்."

ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. சரக்கு ரயில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பாதி ரயில் போன பிறகு அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

"அந்த வெளக்கு அடிச்சிகிச்சே ரமா! பாத்தியா நீ? என் ஆன்டெனா! அவங்க கேபிள் செத்துப் போச்சு, என் ஆன்டெனா தூக்கினு போச்சு!"

"பாத்தேன். நான்தான் மொத பாத்தேன்" என்று அவள் அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை. குப்பம்மா கேன்டீனிலிருந்து திரும்பி, வாசலிலேயே காத்திருந்தாள்.

"எம்மா, பாதி ஆர்டரு நமக்கு!" என்றான் பகலவன். "ஆன்டெனா, கம்பம் எல்லாம் நம்மது. பொட்டி மட்டும் அவங்களுது."

குப்பம்மா சிரிக்கவில்லை.

"உன் மேனேஜரு போன் பண்ணாரு. ரெண்டு வாட்டி."

"ஸ்டானிஸ்லாஸா? தெரிஞ்சுகிச்சா அதுக்குள்ள? நான் பேசிக்கிறேன்."

"உன்னைக் கேக்கல. 'பகலவன் வந்தா சொல்லாதீங்க, அவரு சம்சாரத்தைக் குடுங்க'ன்னாரு."

உள்ளே போன் மறுபடி அடித்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள். ரமாபாய் போய் எடுத்தாள்.

"ரமாபாய் பேசறேன்."

மறுமுனையில் நிதானமான குரல். அவள் "ம்" என்றாள். "ம்... நாளைக்கா?" என்றாள். அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது, கிரீஸ் காயாத கையோடு பகலவன் அவள் எதிரே நின்றான்.

"இன்னா சொன்னாரு?"

"காலைல பத்து மணிக்குப் பெரம்பூர் ஆபீஸுக்கு வரச் சொல்றாரு" என்றாள். "உன்னைப் பத்திப் பேசல. ரெண்டையும் கோத்தது நான்தான்னு பாய் சொன்னாராம். உன் வேலையை எனக்குத் தர்றாராம்."